நிலையின் மூலை: தீவகத்துத் தச்சுத் தொழில் பற்றிய சில சிந்தனைகள்

ஊர்காவற்றுறையின் வரலாறு என்றதும் எமக்கு நினைவூட்டப்படுவன கோட்டைகளும் கொடிகளுமே. கடல் நடுவே நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையைத் தொடங்கியவர் யார், கைப்பற்றியவர் யார் என்று மாணவர் மனனஞ் செய்கின்றனர். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தை விழுங்கிய 1619, ஒல்லாந்தர் வந்த 1658, ஆங்கிலேயர் வந்த 1795 ஆகிய ஆண்டுகள் வினாத்தாள்களில் தவறாது இடம்பெறுகின்றன. அத்துறையைச் சூழ எழுந்த வீடுகளின் வாசல்களைச் செய்தவன் யார்? சோளகமும் வாடையும் மாறி மாறி அறையும் தீவுக் கரையில் ஒரு கதவுநிலை தலைமுறை தலைமுறையாக நேராக நிற்பதற்கு அவன் கண்ட வழி யாது? இவ்வினாக்களை எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத வினாவுக்கு விடை எழுதுவாரும் இல்லை.

இக்கட்டுரை அவ்வினாவை மிகச் சிறிய ஓரிடத்திலிருந்து தொடங்குகிறது. கதவுநிலையின் மூலையே அவ்விடம். இரண்டு மரங்கள் செங்கோணத்திற் சந்திக்கும் அந்த நாலைந்து அங்குல இடத்தில், மனித உழைப்பின் நெடிய வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது.

முதலில் மூலையின் சிக்கலை விளங்கிக்கொள்வோம். நிலை என்பது நான்கு சட்டங்களால் ஆயது. இரண்டு நிலைக்கால்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம், கீழே வாசற்படி. நான்கு சட்டங்களை மூலைக்கோர் ஆணியாகப் பொருத்தி ஒரு பக்கத்தைத் தள்ளினால் அது சாய்ந்துவிடும். சட்டம் எதுவும் முறியாது. உருவம் மட்டும் சிதையும். மூன்று சட்டங்களால் ஆய முக்கோணமோ அவ்வாறு சாய்வதில்லை. அது சாய வேண்டுமாயின் ஒரு சட்டம் முறிய வேண்டும், அல்லது ஓர் இணைப்புக் கழல வேண்டும். கேத்திரகணித வகுப்பில் நாம் கரும்பலகையில் வரைந்து காட்டும் இவ்வுண்மையை, கரும்பலகையைக் காணாத தச்சன் கையால் அறிந்திருந்தான். வாசலின் நடுவே குறுக்குச் சட்டம் அடித்தால் மனிதன் நுழைய முடியாது. ஆகவே நாற்கோணத்தை நாற்கோணமாகவே நிறுத்தும் பொறுப்பு முழுவதும் மூலைகளின் மேல் விழுகிறது.

அப்பொறுப்பைத் தாங்குவதற்குத் தச்சன் கண்ட முதன்மையான வழி கழுந்தும் துளையுமாகும். ஒரு சட்டத்தின் முனையை இருபுறமும் செதுக்கி நாக்குப்போல ஆக்குவது கழுந்து. மற்றச் சட்டத்தில் அதற்கேற்ற துளையை உளியால் தோண்டி, கழுந்தை அதனுள் இறக்குவான். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றிலொரு பங்காக இருத்தல் பொதுவிதி. அதற்கு மிகுந்தால் துளையின் இருபக்கச் சுவர்களும் மெலிந்து பிளக்கும். குறைந்தால் கழுந்தே முறியும். கழுந்து வெளியே வராதபடி குறுக்கே துளையிட்டு மர ஆணி இறுக்குவதுண்டு. இங்கேதான் தொழிலின் நுட்பம் இருக்கிறது. கழுந்திலுள்ள துளையை வெளிமரத்தின் துளைக்கு நேராக இடாமல், அரை நூல் அளவு உட்புறமாகத் தள்ளி இடுவான். ஆணி இறங்கும்போது கழுந்தை உள்ளே இழுத்து, சட்டத்தின் தோளை மற்றச் சட்டத்தோடு இறுக்கிவிடும். ஆணிக்கு நன்கு உலர்ந்த வைரமரத்தைத் தேர்வான். உலர்ந்த ஆணி காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பருத்து மேலும் இறுகும். எந்த ஈரம் இணைப்பைக் கெடுக்கும் என்று நாம் அஞ்சுகிறோமோ, அதே ஈரத்தைத் தன் வேலையாள் ஆக்கிக்கொண்டான் அவன்.

இவை மட்டுமல்ல. கழுந்தின் நுனியைக் கீறி ஆப்பு இறக்கினால், அது துளைக்குள்ளேயே விரிந்து வெளிவர மறுக்கும். மேற்சட்டத்தையும் வாசற்படியையும் நிலைக்கால்களுக்கு அப்பால் சிறிது நீளவிட்டு, அந்நீட்சிகளைச் சுவருக்குள் புதைத்தால் சுவரே மூலையைப் பிடித்துக்கொள்ளும். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய தீவகச் சுவர்களில் இது பெருந்துணையாயிற்று. நிலையை நிறுத்திச் சுவர் இறுகும்வரை மூலைக்குக் குறுக்கே ஒரு சலாகையைத் தற்காலிகமாக அறைந்து வைப்பதும் வழக்கம். நிலை சதுரமாக நிற்கிறதா என்று அறிய ஒரு நூல் போதும். எதிரெதிர் மூலைகளுக்கிடையே பிடித்த இரு அளவுகளும் ஒத்திருந்தால் நான்கு மூலைகளும் செங்கோணம். பலகைக் கதவிற் சாய்சட்டம் வைக்கும்போது, அது கதவைத் தாங்கும் பக்கத்தின் அடியிலிருந்து மறுபக்கத்தின் உச்சிக்கு ஏற வேண்டும். அப்போது கதவின் பாரம் சட்டத்தை அமுக்குமேயன்றி இழுக்காது. மரம் அமுக்கத்தைப் பொறுக்கும். இணைப்போ இழுப்பைப் பொறுக்காது.

இவ்வறிவு எத்துணைப் பழைமையானது? 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அகழாய்வுச் செய்தி இதற்கு வியப்பான விடை தருகிறது. ஆபிரிக்காவில் சாம்பியா நாட்டின் கலம்போ அருவியருகே இரண்டு மரத்துண்டுகள் கிடைத்தன. ஒன்றின்மேல் ஒன்று பொருந்துமாறு பள்ளம் செதுக்கப்பட்ட அவை ஏறத்தாழ 4,76,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இன்றைய மனித இனம் தோன்றுமுன்பே, கல்லாயுதம் ஏந்திய ஒரு கை மரத்தை மரத்தோடு இணைத்திருக்கிறது. சீனத்தின் ஹெமுடு என்னுமிடத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட வீடுகளில் கழுந்தும் துளையும் காணப்பட்டன. ஜேர்மனியின் லைப்சிக் நகரையடுத்த பகுதியில் அதே பழைமையுள்ள கிணறுகளின் மரச் சட்டங்களும் கழுந்து இணைப்பால் ஆனவை. இரும்பையோ செம்பையோ அறியாத மக்கள், தொடர்பற்ற நிலங்களில், ஒரே தேவையினால் ஒரே விடையைக் கண்டனர். அறிவு ஒரு குலத்தின் தனிச்சொத்தென்று கூறுவோர் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

எமது இலக்கியமும் இதற்குச் சான்று பகரும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டியன் அரண்மனை வாயிலை வருணிக்கிறார். இரும்பினாற் பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவுகள். வெண்சிறுகடுகும் நெய்யும் அப்பிய நெடிய நிலை. அதனை இடைவெளியின்றி இறுகச் செய்தவன் கைத்திறன் மிக்க கம்மியன் என்று புலவர் குறிக்கிறார். முடுக்குதல் என்று அவர் ஆண்ட சொல்லை இன்றும் எம் ஊரில் ஆணி இறுக்குவோர் ஆள்கின்றனர். மனையை நூல்பிடித்து வகுத்த நூலறி புலவரோடு, மரத்தை முடுக்கிய கம்மியனையும் அப்பாட்டு ஒருங்கே நிறுத்துகிறது. எனினும் அரசன் பெயரைத் தேடி உரையாசிரியரும் ஆராய்ச்சியாளரும் செலவிட்ட மையில் ஒரு துளியேனும் அக்கம்மியனுக்காகச் செலவிடப்பட்டதா?

இனி ஊர்காவற்றுறைக்கு வருவோம். ஊராத்துறை என்ற பெயரால் 12 ஆம் நூற்றாண்டிலேயே அது புகழ்பெற்றிருந்தது. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டுமென்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டென்றும் கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசுக்கு. பிற பண்டங்கள் ஏற்றிவந்த கப்பலாயின் சரிபாதி அரசுக்கு. கப்பல் உடைதல் சட்டத்தால் வரையறுக்கும் அளவுக்கு வழக்கமான நிகழ்ச்சியாக இருந்த துறையில், கப்பல் கட்டுவோனின் இணைப்பு உயிர் காக்கும் கலையன்றோ? அதே நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த, சோழன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, ஊராத்துறை முதலாய இடங்களில் இலங்கை வேந்தன் படை திரட்டிக் கப்பல் கட்டுவித்ததைக் குறிக்கிறது. கட்டுவித்தவன் பெயர் கல்லில் இருக்கிறது. கட்டியவன் பெயர் இல்லை.

யாழ்ப்பாணத் தமிழில் ஓடாவி என்றொரு சொல் உண்டு. அது கப்பல் கட்டுவோனையும் குறிக்கும். வீட்டுத் தச்சனையும் குறிக்கும். ஒரே சொல் இரு தொழிலையும் தழுவியது தற்செயலன்று. கடலும் மனையும் அருகருகே இருந்த கரையில் ஒரே உளி இரண்டுக்கும் உழைத்தது. எனினும் இரண்டின் இலக்கணமும் வேறு. இந்துமாக்கடலின் பழைய கலங்கள் பல, ஆணியின்றிக் கயிற்றினால் தைக்கப்பட்டவை. 13 ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ பாரசீகக் குடாவின் ஹோர்முஸ் துறையில் அத்தகைய கலங்களைக் கண்டு குறித்துள்ளார். தைத்த பலகை அலையோடு சிறிது நெகிழும், நெகிழ்வதால் உடையாது. கதவுநிலையோ நெகிழவே கூடாது. ஒரு நூல் நெகிழ்ந்தாலும் கதவு நிலத்தில் உராயும். நெகிழ வேண்டியது எது, நெகிழக் கூடாதது எது என்று அறிந்து இணைத்த கை ஓடாவியின் கை. வடபுலத்து ஓடாவியரின் ஆற்றலுக்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. கடல் கடந்த அக்கப்பல், அதனை வாங்கிய அமெரிக்கரின் மனைவி பெயரைத் தாங்கிச் சென்றது.

தீவகத்தில் இரும்பின்மேல் தச்சன் முழு நம்பிக்கை வைக்காததற்கு உப்பே காரணம். உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருவேறும். துரு தான் உண்ட இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும். கேட்டு மரத்தைப் பிளக்கும். மூலையைப் பலப்படுத்த அறைந்த ஆணியே சில ஆண்டுகளில் மூலையைப் பிளக்கும் ஆப்பாகிவிடுகிறது. வச்சிரப் பசையோ ஈரத்தில் இளகும். ஆதலால் மரத்தை மரத்தாலேயே பிடித்தல் இக்கரையின் இயற்கையான விதியாயிற்று. எந்த மரம் என்பதும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் எங்கும் நிற்கும் பனை கூரைக்கு நிகரற்றது. ஆனால் அதன் வைரம் வெளிப்புறத்திலேயே இருக்கிறது, உள்ளே சோற்றி. நுண்ணிய கழுந்து செதுக்க அது இணங்காது. எனவே நிலைக்கும் கதவுக்கும் வேம்பு, பூவரசு, வன்னியின் முதிரை, பாலை, வசதியுள்ளோர் வீட்டில் தேக்கு எனப் பிற மரங்கள் தேவைப்பட்டன. நிலையின் மரத்தைக் கண்டு வீட்டுக்காரனின் நிலையைச் சொல்லிவிடலாம்.

அந்நியர் வருகை மூலையையும் தொட்டது. யன்னல் என்று நாம் வழங்கும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. கதிரை, மேசை, அலுமாரி, சாவி, விறாந்தை என்பனவும் அவ்வாறு வந்தவையே. சாளரம், காலதர் என்ற சொற்கள் எம்மிடம் முன்பே இருந்தன. காற்று வரும் வழி என்று பொருள்படும் காலதர் எவ்வளவு அழகிய சொல்! இருந்தும் புதிய சொல் வேரூன்றியதென்றால், புதிய வடிவமொன்று மக்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அதைவிட ஆழமான மாற்றம் கதவு தொங்கும் முறையில் நிகழ்ந்தது. பழங்கதவுகள் குடுமியிற் சுழன்றன. கதவின் ஓரமரத்தின் மேலும் கீழும் நீண்ட முளையே குடுமி. கீழ்க்குடுமி வாசற்படியின் குழியில் நிற்கும். மேற்குடுமி மேற்சட்டத்தின் துளையிற் சுழலும். கதவின் பாரம் முழுவதும் படியின்மேல் நின்றது. பிற்காலத்தில் இரும்புப் பிணைச்சல் பரவியபோது, நின்ற கதவு தொங்கத் தொடங்கிற்று. மேற்பிணைச்சல் நிலைக்காலை வெளியே இழுக்கிறது; கீழ்ப்பிணைச்சல் அதனை உள்ளே தள்ளுகிறது. கதவின் மூலைகளும் நிலையின் மூலைகளும் முன்பு சுமக்காத சுமையைச் சுமக்க நேர்ந்தது. கதவு சரிந்துவிட்டது என்று நாம் முறையிடுவதெல்லாம் பெரும்பாலும் இவ்விழுப்பின் விளைவே. மூலைக்கு இரும்புத் தகடு அறையும் வழக்கம் இதன் மருந்தாயிற்று.

சுமை மரத்தின்மேல் மட்டும் ஏறவில்லை. சாதியடிப்படையிலான கட்டாய ஊழியத்தைப் போர்த்துக்கேயர் கைவிடவில்லை. ஒல்லாந்தரும் கணக்கேடு வைத்துப் பெற்றனர். யாழ்ப்பாணத்துப் பனைமரங்கள் சலாகைகளாகக் கப்பலேறிக் கும்பனியாருக்கு வருவாய் ஈட்டின. கைவினைஞனின் உழைப்பும் அவ்வாறே கும்பனியின் தேவைக்கு உரியதாயிற்று. 1832 இல் ஆங்கிலேயர் இராசகாரியத்தை ஒழித்தபோது சட்டத்தின் கட்டு அறுந்தது. சாதியின் கட்டு அறவில்லை. புதுமனையில் நிலை வைக்கும் நாளில் தச்சனுக்கு வேட்டியும் வெற்றிலையும் தந்து மதிப்புச் செய்த சமுதாயம், அவன் தொழிலைப் பிறப்போடு பிணைத்து வைத்தது. மயமதம் என்னும் வடமொழிச் சிற்பநூலில் மரங்களை இணைக்கும் முறைக்கென்று ஓர் இயலே இருக்கிறது. ஆனால் எம்மிடையே பரவிய மனையடி சாத்திரங்கள் பெரிதும் பேசுவது வாசலின் திசையும் பலனும். எழுத்தறிந்தவன் உளியைத் தொடவில்லை. உளியறிந்தவனுக்கு எழுத்து எட்டவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகச் சென்ற அறிவு, மகன் வேறு தொழிலுக்குப் போன அன்று அழிந்தது. சாதி அறிவைக் காத்தது என்று கூறுவோர், அதே சாதி அறிவைச் சிறைவைத்துக் கொன்றதையும் கூற வேண்டும்.

ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த சில ஆண்டுகளிலேயே, அவர்தம் நாட்டுப் போட்ஸ்மத் கப்பல் தளத்தில் மற்றொரு புரட்சி நிகழ்ந்தது. கப்பற் கப்பிகளுக்கு மரத்தில் துளை தோண்டும் வேலைக்கு மார்க் புரூணல் என்பார் இயந்திரங்களை வகுத்தார். 19 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவை இயங்கத் தொடங்கின. தொழிற்றிறன் வாய்ந்த 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்தனர். இயந்திரம் பகையன்று. உளிபிடித்துக் காய்த்த கைக்கு ஓய்வு கிடைக்குமாயின் அதனை வரவேற்க வேண்டும். ஓய்வு எவனுக்குக் கிடைத்தது, இலாபம் எவனுக்குப் போயிற்று என்பதே வினா. இயந்திரம் வார்த்த மலிவான ஆணி எமது ஊர்க் கடைகளுக்கும் வந்தது. கழுந்து செதுக்க ஒரு நாள் கேட்ட தச்சனைவிட, ஆணியறைந்து ஒரு மணியில் முடித்தவன் மலிவாகத் தோன்றினான். அந்த மலிவின் விலையைச் சில சோளகங்கள் கழித்து வீட்டுக்காரன் செலுத்தினான்.

மூலையின் பலம் வெறும் அழகுப் பொருளன்று என்பதை 1964 டிசம்பர்ப் புயல் உணர்த்திற்று. தனுஷ்கோடியை அழித்த அப்புயல் வட இலங்கையையும் தாக்கியது. புயலில் வீட்டின் கூரை வெளிக்காற்றினால் மட்டும் பறப்பதில்லை. காற்றுக்கு எதிரேயுள்ள யன்னலோ கதவோ உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். அவ்வேளையில் வீட்டையும் அதனுள் ஒடுங்கிய குழந்தைகளையும் காப்பது நிலையின் மூலையும் அதிலுள்ள மர ஆணியுமே.

எப்புயலும் செய்யாததைப் போர் செய்தது. 1990 இல் போர் தீவகத்தை அடைந்தபோது மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். ஆளற்ற வீடுகளிலிருந்து ஓடுகள் போயின, கைமரங்கள் போயின, கதவுகளும் யன்னல்களும் நிலையோடு பெயர்க்கப்பட்டன. ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் கண்ணிழந்த முகம்போல நின்ற சுவர்களைக் கண்டோர் பலர். நிலை பெயர்த்த இடத்தில் சுவர் உடைந்து, மூலைக்கு மூலை ஒரு குழி தெரியும். மேற்சட்டமும் படியும் சுவருக்குள் நீண்டு பிடித்திருந்த இடம் அது. தச்சன் இறுக்கிய மூலை சுவரைப் பெயர்த்துக்கொண்டே வெளியேறியிருக்கிறது. அவன் தொழிலுக்கு இத்துணைக் கொடிய சான்று தேவைப்பட்டிருக்க வேண்டாம்.

2009 இல் போர் ஓய்ந்தபின் மீண்டவர்கள் கட்டிய வீடுகளில் சீமெந்து நிலைகளும் அலுமினியச் சட்டங்களும் மிகுந்துள்ளன. காடு அழிந்து மரம் அரிதாகிவிட்ட காலத்தில் இதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் பொருள் மாறினாலும் மூலையின் சிக்கல் மாறவில்லை. 45 பாகையில் அறுத்துப் பொருத்திய அலுமினிய மூலையை உள்ளிருந்து ஓர் உலோகத்துண்டு பிடித்திருக்கிறது. அது கழுந்தின் பேரனேயாம். உப்பும் மாறவில்லை. அலுமினியத்தில் இரும்புத் திருகாணி முடுக்கினால், உப்பீரம் பட்ட இடத்தில் இரும்பின் தொடர்பு அலுமினியத்தை விரைந்து அரிக்கத் தூண்டும். இதனைப் பழைய ஓடாவி அறிந்திருக்க மாட்டான். ஆனால் இக்கரையில் எந்தப் பொருளையும் உப்பைக் கேட்டே சேர்க்க வேண்டும் என்பது அவன் விட்டுச்சென்ற பாடம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் ஆகிய நாம் செய்யக்கூடியது என்ன? பழைமையைப் பூசிப்பது அன்று. பழைய சாதித் தளையை மீட்பது ஒருபோதும் அன்று. எமது பாடசாலைகளில் மரவேலை ஒரு பாடமாக இருந்துவந்துள்ளது. கெட்டிக்காரனுக்குக் கணிதம், மற்றவனுக்கு மரவேலை என்று அதனைத் தாழ்த்திய மனப்பான்மை, தச்சனைப் படலைக்கு வெளியே நிறுத்திய மனப்பான்மையின் பிள்ளையே. அதனை முதலில் வகுப்பறையிலிருந்து அகற்ற வேண்டும். கேத்திரகணிதம் கற்பிப்பவர் ஒரு நாள் மாணவரை நூலோடு அனுப்பித் தத்தம் வீட்டு நிலையின் மூலைவிட்டங்களை அளப்பிக்கலாம். தமிழ் கற்பிப்பவர் கொட்டாப்புளி, துறப்பணம், சீவுளி, மூலைமட்டம், பிணைச்சல் முதலாய சொற்களை அவற்றை ஆளும் முதியோர் வாயிலிருந்தே எழுதுவிக்கலாம். வரலாறு கற்பிப்பவர் ஊரின் பழைய நிலைகளை வரைவித்து, எந்த மரம், எந்த இணைப்பு, யார் செய்தது என்று குறிப்பெடுக்கச் செய்யலாம். தீவகத்தில் இன்னும் எஞ்சி நிற்கும் பழைய வாசல்கள் பல. அவற்றை இணைத்த கைகளை நினைவில் வைத்திருப்போர் சிலர். அந்தச் சிலரும் மறைந்தபின் எமக்கு எஞ்சப்போவது கோட்டைகளின் ஆண்டுக் கணக்கு மட்டுமே.

கல்வெட்டில் இடம்பெறாத அப்பெயர்களுள் சிலவேனும், அடுத்த ஆண்டு மாணவரின் பயிற்சிப் புத்தகத்தில் இடம்பெறட்டும்.